எண்பதில் வரும் ஆட்டம்

அந்தப் பட்டறை மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "ரெண்டு விரல்" என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேரே "அண்ணே" என்பார்கள். வழி கேட்பவர்களிடம் மட்டும், "பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் திரும்புங்க, ரெண்டு விரல் பட்டறைன்னு கேட்டா காட்டுவாங்க" என்பார்கள். எந்த வண்டி வந்தாலும் அவர் எடுத்த எடுப்பில் பானெட்டைத் திறக்கமாட்டார். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். ஸ்டியரிங்கைக் கை நிறையப் பிடிக்காமல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் அதன்மேல் வைத்திருப்பார். திரும்பி வந்து கதவைச் சாத்துவதற்குள், இன்ன டயர், இன்ன பேரிங் என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிப் பெயர் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. எடுத்த பெயரைத் தினமும் காப்பாற்றியாக வேண்டும். மெக்கானிக்குக் கொஞ்ச நாளாக அதுவே பெரும்பாடாக இருந்தது, ஏனென்றால் அவருடைய விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. முதலில் காலை வேளையில் மட்டும்தான் அப்படி இருந்தது. சட்டைப் பொத்தான் விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துப் போட வேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் டீக்கடைக்காரர் "சூடு, பாத்து" என்று நீட்டிய கிளாஸை அவர் பேச்சு சுவாரசியத்தில் கப்பென்று பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள், உங்களுக்கு இரும்புக் கை அண்ணே என்று சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். அன்று சாயங்காலம் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்தது மனைவிதான். சைலன்சர் பட்டுவிட்டது என்று மழுப்பினார்.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து கையில் ஏர் கன். சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றவும் இறுக்கவும் காற்றழுத்தத்தில் தடதடவென்று ஓடும் கருவி அது. பிடித்தால் தோள்பட்டை வரைக்கும் அதிரும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால், அப்போதும் கைக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும். அதிர்வைப் பிடித்துப் பிடித்தே கைக்கு அதிர்வு தெரியாமல் போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாடுகிறவருக்குத் தொண்டை போனால் ஐயோ பாவம் என்பார்கள். மெக்கானிக்குக் கை போனால் ஐயோ பாவம் என்றெல்லாம் நிற்கமாட்டார்கள், அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். அந்த விரல்களை எடுத்துவிட்டால் தான் யார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பி. மச்சினன் நேர் எதிர் ரகம். அவனுக்கு டார்ச் வேண்டும், கடப்பாரை மாதிரி நீளமான நெம்புகோல் வேண்டும், வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்க்க வேண்டும். மாமா ஒரு சுற்றில் சொல்வதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை நாள் ஆகும். "உன் கையில கண்ணு இல்ல மாப்ளே, அதான் டார்ச் அடிக்கறே" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கிண்டல் செய்வார். அவன் கோபித்துக்கொண்டதே கிடையாது. "எல்லாருக்கும் அந்தக் கை அமையுமா மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விடுவான். மாமா சொன்னதை மறுத்து நாலு பேர் முன்னால் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல குணம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த நல்ல குணத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கேக்கம்மாவின் வண்டி வந்தது இந்த நேரத்தில்தான். வீட்டிலேயே கேக் செய்து, கல்யாண மண்டபம், ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிற அம்மாள் அவர். வண்டி ரொம்ப வயதான சின்ன கார். நிறம் எது, துரு எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே படு சுத்தம், பின்சீட்டில் கேக் நகராமல் இருக்க ரப்பர் விரிப்பு வேறு போட்டிருந்தார். எண்பது கிலோமீட்டர் வேகம் வந்தால் ஸ்டியரிங் ஆடுகிறது என்றார். எழுபதில் இல்லை, தொண்ணூறில் இல்லை, எண்பதில் மட்டும். போன வாரம் கொண்டுபோன கேக்கின் க்ரீம் பூவெல்லாம் உதிர்ந்து அடியில் கிடந்ததாம்.

மெக்கானிக் வழக்கம்போலச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். நெடுஞ்சாலையில் ஏறி, வேகத்தை எழுபதுக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலையும் வைத்தார். எண்பதைத் தாண்டினார். மறுபடி குறைத்து மறுபடி ஏற்றினார். விரல்கள் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. தெரியவில்லை என்று வந்து சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஆட்டம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு டயர் பேலன்ஸ்தான், இது தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். அதையே விரலால் கண்டுபிடித்த மாதிரி கொஞ்சம் யோசித்துச் சொன்னார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருப்பதாகக் கைக்குத் தெரியவில்லை. சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் செய்து, விளிம்பில் ஈயத் துண்டுகளை ஒட்டி மாட்டினார். கேக்கம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்து வண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

மறு வாரமே வந்து நின்றார். குறையவே இல்லை, கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கிறது என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் மெக்கானிக்குச் சங்கடமாக இருந்தது. இந்தத் தடவை தானும் கூட வருகிறேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். நெடுஞ்சாலையில் முள் எண்பதைத் தொட்டது.

"இப்போ," என்றார் கேக்கம்மா. "இதோ, இப்போ. தெரியுதா?"

மெக்கானிக்கின் விரல்கள் ஸ்டியரிங்கின்மேல் சும்மா இருந்தன.

"ம். தெரியுது," என்றார்.

கூசாமல் ஒரு பொய். அதன்பிறகு பொய்க்கு முட்டுக் கொடுக்கும் வேலைதான் மிச்சம். முன் டயர் இரண்டையும் பின்னால் போடலாம், பின்னால் இருப்பதை முன்னால் போடலாம், டயரில் கோளாறு என்றால் ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்குப் போய்விடும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார். இந்த முறை தப்பில்லை, எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். தெரிந்துகொண்டு செய்யும்போது அது வைத்தியம். தெரியாததை மறைக்கச் செய்யும்போது அதற்கு வேறு பெயர். சக்கரங்களை இடம் மாற்றினார், மறுபடி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், கைக்குக் கெட்டியாகவே இருந்தது. கேக்கம்மா அன்றும் காத்திருந்து கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதற்குள் சிவப்பு நிறத்தில் ஜெல்லி. மெக்கானிக் அது தனக்கென்று நினைத்து, எதுக்கும்மா இதெல்லாம் என்று கையைத் துடைக்கத் துணி தேடினார்.

"சாப்பிட இல்லண்ணே," என்றார் கேக்கம்மா. "நான் சொன்னா உங்களுக்கு நம்பிக்கை வரல. உங்க கண்ணால பாத்தா நம்புவீங்க. வாங்க."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் மெக்கானிக் ஏறினார். கேக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து, டேஷ்போர்டின்மேல் ஈரத்துணியை மடித்துப் போட்டு அதன்மேல் கிண்ணத்தை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தெருவின் மேடு பள்ளத்தில் ஜெல்லி தளும்பியது. நெடுஞ்சாலையில் ஏறியதும் அடங்கியது. அறுபதில் லேசான நடுக்கம், எழுபதிலும் அவ்வளவுதான். எண்பது வந்ததும் கிண்ணத்துக்குள் இருந்தது மொத்தமும் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறியது. ஓரமெல்லாம் அதிர்ந்து, நடுவில் இருந்த வழவழப்பு சுருங்கிச் சுருங்கி விரிந்தது. தொண்ணூறில் மறுபடி அடங்கியது. மெக்கானிக் வேகத்தைக் குறைத்தார், எண்பதில் அது மறுபடி உதறியது.

அவர் ஜெல்லியைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு விரல்களைப் பார்த்தார். விரல் வைத்த இடத்தில் ஸ்டியரிங் ஆடுவது இப்போது கண்ணுக்கே தெரிந்தது. நகம் நடுங்கிக்கொண்டிருந்தது. கைக்கு மட்டும் அது எட்டவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது அவருக்கு. இத்தனை நாளும், குளிர் காலம், வயது, நேற்று வேலை ஜாஸ்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சப்பைக்கட்டு எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது. கேக்கம்மா ஏதோ கேட்டார். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பட்டறைக்கு வந்ததும் வண்டியை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டினார். முன்பைவிட பலமாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். சுவரை ஆட்டுவது மாதிரி இருந்தது. மூலையில் காற்று கம்ப்ரஸர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வேறொரு வண்டிக்கு அடியில் மச்சினனின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கேக்கம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டிய கேக்காம். தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார், மூன்று அடுக்கு, வீட்டில் தயாராக இருக்கிறது. நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும். கேக்கைப் பிடித்துக்கொள்ள மகளும் வருகிறாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மெதுவா போய்ட்டு வந்துடறேன். அறுபதைத் தாண்டமாட்டேன். வந்து வண்டியை இங்கேயே விட்டுடறேன், நீங்க நிதானமா பாருங்க," என்றார். "போகலாம்னு நீங்க சொன்னா போறேன்."

போகலாம் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. மெதுவாகப் போங்கள், ஒன்றும் ஆகாது, சாயங்காலம் பார்த்துவிடலாம். எவ்வளவு சுலபமான வார்த்தைகள். சாயங்காலத்துக்குள் யாருக்கும் தெரியாமல் வேறு வழியில் கண்டுபிடித்துக்கூட விடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அந்த அம்மாள் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுவார். மிச்சம் ஒரு பங்கைத்தான் மெக்கானிக்கால் தாண்ட முடியவில்லை. கோளாறு டயரில் இல்லை என்றாகிவிட்டது. டயர் இல்லை என்றால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று. அதைத் தொட்டுச் சொல்ல வேண்டிய கை தன்னிடம் இல்லை. பின்சீட்டில் கேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அவர் நினைத்துப் பார்த்தார்.

"போகாதீங்க," என்றார்.

"ஏன், என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னு தெரியல."

கேக்கம்மாவுக்குப் புரியவில்லை. போன தடவை தெரிகிறது என்றீர்களே என்றார்.

"அது பொய்ம்மா." மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லாத கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "ஜெல்லி ஆடினதை நான் கண்ணால பாத்தேன். கைக்குத் தெரியல. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. கொஞ்ச நாளாவே இல்ல. உங்க வண்டியை மூணு தடவை பிடிச்சு ஆட்டியிருக்கேன், மூணு தடவையும் எனக்கு எதுவும் தெரியல."

வண்டிக்கு அடியில் அசைந்துகொண்டிருந்த டார்ச் வெளிச்சம் அப்படியே நின்றது.

"மாப்ளே," என்று கூப்பிட்டார் மெக்கானிக். "நீ வந்து பிடிச்சுப் பாரு."

மச்சினன் வெளியே வந்தான். முதல் வேலையாகப் போய்க் கம்ப்ரஸரை அணைத்தான். பட்டறை திடீரென்று அமைதியானது. சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டு, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஒரே ஒரு முறை ஆட்டினான். 'டக்' என்றது. ரொம்பச் சின்னச் சத்தம்தான், பெட்டி மூடி சாத்துகிற மாதிரி. ஸ்டூலில் இருந்த கேக்கம்மாவுக்கே கேட்டது. இத்தனை வருஷமாகக் கம்ப்ரஸரை அணைக்காமலே வேலை பார்த்தவர் மெக்கானிக். விரல் இருக்கும்போது காது எதற்கு என்று இருந்துவிட்டார்.

மச்சினன் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தான். வண்டியையும் சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கையின் நுனியில் பால் ஜாயின்ட் என்று ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குமிழ். சக்கரம் திரும்புவதும் அதன்மேல்தான், கழன்று ஓடாமல் நிற்பதும் அதனால்தான். அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து மண்ணாகியிருந்தது. மச்சினன் நெம்புகோலைக் கொடுத்து மெல்லத் தூக்கினான். குமிழ் கிண்ணத்தை விட்டுப் பாதி எழுந்து வந்தது. டயரில் இருக்கும் ஒரு சின்னக் குறை, மூட்டு கெட்டியாக இருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இப்படித் தொளதொளவென்று இருந்தால் எண்பதில் பிடித்து உலுக்கும். உலுக்க உலுக்க இன்னும் தளரும்.

"மாமா, இது கழண்டிருந்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"சக்கரம் மடங்கி உள்ளே போயிருக்கும்," என்று மெக்கானிக் முடித்தார். பக்கத்தில் இருப்பவர் மனம் நோகும் என்று அவர் சுற்றி வளைக்கவில்லை. "அறுபதுல போனாலும் போயிருக்கும்."

கேக்கம்மா மடியில் இருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு பின்னாடி உக்காந்து வந்தா," என்றார். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற இடத்துக்குப் போயிருப்பேனே."

"அதுக்குப் பயந்துதாம்மா சொல்லல," என்றார் மெக்கானிக்.

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. கேக்கம்மா வெளியே போய், வாடகை வண்டி ஒன்றுக்கு போன் செய்தார். கேக்கை அதில் கொண்டுபோய்க்கொள்கிறேன், நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்புறம் இந்தப் பட்டறைக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு மாமனும் மச்சினனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மச்சினன்தான் முதலில் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"உங்க கை. மழைக்காலத்துக்கு முன்னாடியே தெரியும். ஒரு நட்டை மரையில ஏறாமலே இறுக்கி வெச்சிருந்தீங்க. அதுலேர்ந்து நீங்க பாக்கற ஒவ்வொரு வண்டியையும் நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நான் இன்னொரு தடவை பிடிச்சுப் பாத்துட்டுதான் விடறேன்." அவன் நெம்புகோலைக் கைமாற்றிப் பிடித்தான். "இது ஒண்ணுதான் தப்பிருச்சு. மத்த வண்டியெல்லாம் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். அந்தக்கா கூடவே உக்காந்திருந்து எடுத்துட்டுப் போய்டறாங்க. உங்க முன்னாடி நான் எப்படி மறுபடி தொட்டுப் பாக்கறது?"

மெக்கானிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முதலில் வந்தது அவமானம்தான். தான் தூக்கத்தில் நடக்க, பின்னாலேயே ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதற்குப் பின்னால் வந்தது வேறு கோபம், நியாயமான கோபம்.

"ஏன்டா சொல்லல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன் மாமா. நான் சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்."

"என் மனசு," என்றார் மெக்கானிக். சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்தார். 'டக்' என்றது.

அந்த நல்ல குணத்தைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். மாமா பெயர் கெட்டுவிடும் என்று மறைத்தார், மச்சினன் மாமா மனம் கெட்டுவிடும் என்று மறைத்தான். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த மரியாதைக்குக் குறைவே இல்லை. அந்த மரியாதைக்கு நடுவில் ஒரு பெண் மகளையும் ஏற்றிக்கொண்டு எண்பதில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். யாரும் யாரையும் நோகடிப்பதில்லை, அதனாலேயே என்னென்னவோ நடந்துவிடுகிறது.

மச்சினன் போய்ப் புது மூட்டு வாங்கி வந்தான். மெக்கானிக் எங்கே கை வைக்க வேண்டும், எந்தக் கோணத்தில் தட்டினால் பழையது கழன்று வரும் என்று பக்கத்தில் நின்று சொன்னார், மச்சினன் செய்தான். ஏர் கன்னை எடுக்க மெக்கானிக்கின் கை பழக்கத்தில் நீண்டது. மச்சினன் அதை முந்தி எடுத்து, சுவரில் மாட்டிவிட்டு, கை ஸ்பேனரால் நட்டை இறுக்கினான். வேலை முடிந்ததும், நாளை மறுநாள் டாக்டரிடம் போகிறோம், அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன் என்றான். எப்போது சொன்னாய் என்று மெக்கானிக் கேட்டார். மூட்டு வாங்கப் போன வழியில் என்றான். மனம் கஷ்டப்படுமா என்று இந்தத் தடவை அவன் கேட்கவில்லை. மெக்கானிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, கூடவே பெரிய பாரம் ஒன்றை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரியும் இருந்தது.

மறுநாள் கேக்கம்மா வந்தார். கேக் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததா என்று மச்சினன் கேட்டான். சேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது நானும் வருவேன் என்று பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவி வழக்கம்போல மெக்கானிக்கின் கையில் இருந்தது. அவர் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு மச்சினனிடம் கொடுத்தார். தான் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சொந்தப் பட்டறைக்கு வந்த வண்டியில் அந்தப் பக்கம் உட்காருவது அவருக்கு இதுதான் முதல் தடவை. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்றுகூடத் தேட வேண்டியிருந்தது.

நெடுஞ்சாலையில் மச்சினன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நன்றாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். எழுபது, எண்பது, தொண்ணூறு. மறுபடி எண்பதுக்கு இறங்கி, ரோடு காலியாக இருந்த இடத்தில் அதே வேகத்தில் கொஞ்ச தூரம் வைத்துக்கொண்டு போனான். பிறகு பிரேக் போட்டுப் பார்த்தான், பிறகு கையை லேசாக எடுத்துப் பார்த்தான். மெக்கானிக் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிகிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அவன் தனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவானோ என்று பயந்து கேட்கவில்லை.

பட்டறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அங்கே வேறு வண்டிகளைக் கொண்டுவந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள். மெக்கானிக் பக்கத்து சீட்டிலிருந்து இறங்குவதை அவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். கேக்கம்மா இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, மெக்கானிக்கின் எதிரில் நின்றார்.

"சரியாயிடுச்சா? நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்றார். "நீங்க சொல்லுங்கண்ணே."

நேற்று அவ்வளவு நடந்தும் கேள்வி அவரிடம்தான் வந்தது. காத்திருந்த இரண்டு பேரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். ரெண்டு விரல் என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லாரும் எத்தனையோ வருஷம் இப்படி நின்றிருக்கிறார்கள். இதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம். வண்டி சரியாகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும், ஆம் என்று சொன்னால் அது பொய்கூட ஆகாது.

"என்னைக் கேக்காதீங்கம்மா," என்றார், காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகவே. "என் கைக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டினது அவன். இனிமே அவனைக் கேளுங்க."

கேக்கம்மா மச்சினன் பக்கம் திரும்பினார். அவன் வழக்கம்போல, என்ன சொல்லட்டும் என்று மாமாவின் முகத்தைப் பார்த்தான். மெக்கானிக் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பார்ப்பதற்கு அந்த முகம் இல்லாமல் போனதும் அவன் சாவியை அந்த அம்மாளிடம் நீட்டினான்.

"எடுத்துட்டுப் போங்கக்கா," என்றான். "நான் சொல்றேன்."